ரெண்டாவது கார்டு

உள்ள வாம்மா. நீதான போன் பண்ணுன பொண்ணு? போடியிலருந்து வர்றேன்னு சொன்னியே. உக்காரு, ஃபேன் போடுறேன். பஸ்ல நின்னுக்கிட்டேதான் வந்தியா? இந்த நேரத்துக்கு அப்படித்தான், சின்னமனூர்ல காலேஜ் பிள்ளைக ஏறுனா கம்பம் வர்ற வரைக்கும் காலு வைக்க எடம் கெடைக்காது. கேமரா அந்தா அலமாரியில இருக்கு. அது எங்கயும் ஓடிப்போயிறாது. மொதல்ல டீயக் குடி.

மொதக் கேமராவா உனக்கு? கையில எவ்வளவு வச்சிருக்கன்னு நான் கேக்க மாட்டேன். கொஞ்சமாத்தான் வச்சிருப்ப. இல்லாட்டி கடைக்குப் போயிருப்ப, இந்தச் சந்துக்குள்ள ஜெய்த்தூன் வீடு எதுன்னு கேட்டுக்கிட்டு வந்திருக்க மாட்ட. நானும் அப்படித்தான் வாங்குனேன். அதனால சொல்றேன், கோவிச்சுக்காத.

விக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிரணும். பொருள்ல குறை இருந்தா வாங்குறவங்ககிட்டச் சொல்லாம விக்கக்கூடாது. எங்க மார்க்கத்துல அப்படி. இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க, ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். ஒருத்தன் பாதியிலயே எந்திரிச்சுட்டான். "அக்கா, இதுல எத்தனை போட்டோ எடுத்திருக்கீங்கன்னுதான் கேட்டேன், எதுக்குக் கதை சொல்றீங்க"ன்னான். சரி போப்பான்னு விட்டுட்டேன். நீ பொம்பளப் பிள்ளை. நீ கேப்ப.

நான் மருதாணி போடுறவ. பதினாறு வருஷமா கல்யாணப் பொண்ணுகளுக்குப் போடுறேன். பொண்ணு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு அஞ்சு மணி நேரம் என் முன்னாடி உக்காந்திருக்கும். மூக்கு அரிச்சாக்கூட நான்தான் சொறிஞ்சு விடணும். கல்யாண வீட்டுல எல்லாரும் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பிள்ளை மூஞ்சிய உக்காந்து பாக்குறதுக்கு எனக்கு மட்டுந்தான் நேரம் இருக்கும்.

எங்க தெருவுல கொஞ்சம் வீடு ரொம்பக் கட்டுப்பாடு. ஆம்பளைக பக்கம் வீடியோ, ட்ரோன், பிரியாணி அண்டாவுக்குக்கூட நாலு போட்டோ. பொம்பளைக பக்கம் ஒன்னுங் கெடையாது. போட்டோ எடுக்குறவன் ஆம்பள, உள்ள வரக்கூடாது. போன்லயும் எடுக்க விடமாட்டாங்க. வாசல்ல ஒரு கூடைய வச்சு, உள்ள வர்ற பொம்பளைக போனை எல்லாம் வாங்கிப் போட்டுருவாங்க. போறப்ப எடுத்துக்கலாம். தப்புன்னு சொல்ல வரல. அது அவங்க வீட்டு முறை.

ஒரு தடவ, கல்யாணம் முடிஞ்சு பத்து நாளு இருக்கும், ஒரு பொண்ணு என்னைத் தேடி வந்துச்சு. "அக்கா, அன்னைக்கு எங்கம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்க?"ன்னு கேட்டுச்சு. பச்சைன்னு சொன்னேன். "பச்சையா, நிசமாவா"ன்னு நம்பாம கேக்குது. அதுக்கு ஒன்னுமே ஞாபகம் இல்ல. எனக்கு என்னவோ போல ஆயிருச்சு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன், கேமரா வாங்குறதுன்னு.

கையில முப்பதாயிரம். மருதாணியில சேத்தது. அதுக்கு மேல ஒத்த ரூபா கெடையாது. எங்க வீட்டுக்காரரு சிக்கந்தரு குமுளியில ஏலக்காய் குடோன்ல இருக்காரு. அவருகிட்டக் கேட்டேன். "முப்பதாயிரத்துக்கு வாசிங் மிசின் வாங்கலாம்"ன்னாரு. வாங்கலாந்தான். நான் அவரு பேச்சக் கேக்கல.

நாலு மாசம் யூடியூப்பு பாத்தேன். நீயும் பாத்திருப்பியே. எல்லாவனும் "வணக்கம் நண்பர்களே"ன்னு ஆரம்பிப்பான். பட்ஜெட் கேமரான்னு போட்டுட்டு அறுவதாயிரத்துலருந்து காட்டுவான். சென்சாருங்கான், மெகாபிக்சலுங்கான், தலை சுத்தும். நோட்டுப் போட்டு எழுதி வச்சேன். பாத்தா, கடைசியில என் நோட்டுல இருந்த கேமரா எல்லாமே நான் வாங்க முடியாததுதான்.

மதுரைக்குப் போனேன். பெரிய ஷோரூம்ல கண்ணாடிக் கதவத் தொறந்துக்கிட்டு உள்ள போனா, டை கட்டுன பையன் கேக்குறான், "பையனுக்காங்க மேடம்?" இல்ல தம்பி, எனக்குன்னேன். அப்புறமும் அவன் "பையன் என்ன படிக்கிறாப்ல"ன்னான். புதுசு ஒன்னு காட்டுனான். அழகாத்தான் இருந்துச்சு. கூட ஒரு லென்ஸும் தர்றாங்க. விலை என் காசுக்கு ரெண்டாயிரம் கூட. இழுத்துப் பிடிச்சா வாங்கிரலாம். வாங்குற எடத்துக்கு வந்துட்டேன், ஆனா அந்த டை கட்டுனவன் மூஞ்சியப் பாத்து எந்திரிச்சுட்டேன். எனக்கு அப்ப கொஞ்சம் ரோசம் இருந்துச்சு.

அங்கருந்து ரெண்டு தெரு தள்ளி, மாடியில ஒரு சின்னக் கடை. பழைய கேமரா வாங்கி விக்கிறவரு, ரிப்பேரும் பாப்பாரு. துரைப்பாண்டின்னு பேரு. அவரு பையனான்னு கேக்கல. "எங்க வச்சு எடுக்கப் போறீங்க?"ன்னாரு. அதான்மா கேள்வி. நாலு மாசத்துல ஒருத்தன் கேக்கல அத.

ரூமுக்குள்ளன்னேன். டியூப்லைட்டுதான். கைப்பிள்ளைக இருக்கும், பளிச் பளிச்சுன்னு ஃப்ளாஷ் அடிக்க முடியாது. நாப்பது பொம்பளைக இருப்பாங்கன்னேன். அவரு சொன்னாரு, "புதுசு வாங்காதீங்க. புதுசோட வர்ற லென்ஸு ரூமுக்குள்ள இருட்டா எடுக்கும். பாடியப் பழசா வாங்கி, மிச்சக் காச நல்ல லென்ஸுல போடுங்க." நீயும் கேட்டுக்க, இது நல்ல பேச்சு. நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கேன், இந்தப் பேச்சத் திட்ட மாட்டேன்.

இந்தா, எடுத்துப் பாரு. கனமா இருக்குல்ல? இரும்பு. லென்ஸு அம்பது. வெளிச்சத்த நல்லா உறிஞ்சும். ஒரே ஒரு தொல்லை, இதுல கிட்டக்க வர்றது தூரக்க போறதெல்லாம் கெடையாது. நீதான் நகரணும். பொம்பளைக ரூம்ல எங்க நகர்றது? செவுத்தோட செவுரா ஒட்டி நிப்பேன். கட்டில் மேல ஏறுவேன். பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல சொருகிக்கிட்டு நின்னுருக்கேன். அப்பவும் முழு ஆளு விழுகாது, மூஞ்சிதான் விழுகும்.

இந்தப் பக்கம் மூடியத் தொற. ரெண்டு சந்து தெரியுதா? ரெண்டு கார்டு போடலாம். நான் வாங்குறப்ப மேல காலி. கீழ ஒரு கார்டு கெடந்துச்சு. இது என்னன்னு கேட்டேன். அவரு போன்ல யாரு கூடவோ பேசிக்கிட்டே, "அது பாட்டுக்கு இருக்கட்டும்க்கா, கழட்டாதீங்க"ன்னாரு. நான் என்ன நெனச்சேன்னா, அது கேமராவோட பாகம்னு நெனச்சேன். அது இருந்தாத்தான் கேமரா ஓடும்னு. மூணு வருஷம் அதைத் தொட்டதே இல்ல. தூசி தொடைக்கிறப்பக்கூட அந்தச் சந்துல துணி படாமத் தொடைப்பேன்.

இப்ப என் தொழில் முறையச் சொல்றேன் கேளு, அது தெரிஞ்சாத்தான் மிச்சம் புரியும். நான் போற வீட்டுல, கார்டு அவங்க வாங்கி வச்சிருக்கணும். புதுக் கார்டு, கவர் பிரிக்காம. பொண்ணோட அம்மா முன்னாடி கவரப் பிரிச்சு, மேல் சந்துல போடுவேன். எடுத்து முடிச்சதும் அவங்க முன்னாடியே கழட்டி அவங்க கையில குடுத்துருவேன். வீட்டுக்கு நான் ஒன்னும் கொண்டு போக மாட்டேன். காப்பி கெடையாது, ஆல்பம் கெடையாது. பிரிண்டு போடுறதோ டிவியில பாக்குறதோ உங்க பாடு. இதுக்குத்தான் என்னை உள்ள விட்டாங்க. வேற யாரையும் விடல. "ஜெய்த்தூன் எடுத்தா படம் வீட்டு வாசலத் தாண்டாது"ம்பாங்க. கார்டக் குடுக்குறப்ப நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவேன், "இந்தாங்க, உங்க அமானிதம்." நம்பிக் குடுத்து வச்ச பொருளத் திருப்பிக் குடுக்குறது. பாதிப் பேரு அந்தக் கார்ட நகையோட சேத்துப் பீரோவுல வச்சுப் பூட்டுவாங்க.

மூணு வருஷத்துல நாப்பத்தியோரு கல்யாணம். நான் எடுத்த படம் ஒன்னுகூட என்கிட்டக் கெடையாது. கேமரா முதுகுல இந்தக் குட்டித் திரையில ஒரு செகண்டு வரும், போயிரும். எனக்கு அதுல வருத்தம் இல்ல. வருத்தம் இல்லன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

போன வருஷம் மைமூன் அக்கா மக சாஜிதாவுக்குக் கல்யாணம். மைமூன் அக்கா நாலு வீடு தள்ளித்தான். எனக்கு முதமுதல்ல மருதாணி வேலை வாங்கிக் குடுத்தது அவங்கதான். கல்யாணத்துல எல்லாம் நல்லாத்தான் போச்சு. வெளிய ஆம்பளைக பக்கம் நிக்காஹ் முடிஞ்சு, உள்ள மாப்பிள்ளையோட அக்கா வந்து பொண்ணுக்குக் கருகமணி கட்டுற நேரம். பொம்பளைக பக்கம் அதுதான் பெரிய நேரம். குலவை போடுறாங்க. நான் கட்டில் மேல நிக்கிறேன். அமுக்குறேன், அமுங்கல. திரையில 'ஃபுல்'லுன்னு வருது. புதுக் கார்டு, இருநூறு படங்கூட எடுக்கல, எப்படி ஃபுல்லாகும்? மைமூன் அக்கா ஓடிப்போய் இன்னொரு கார்டு கொண்டாந்தாங்க. போட்டேன். அதுலயும் ஃபுல்லு. கட்டி முடிச்சுட்டாங்க. பொண்ணு நிமிந்து என்னையப் பாத்துச்சு, எடுத்தாச்சாக்கான்னு. நான் தலைய ஆட்டுனேன். எடுக்காமயே ஆட்டுனேன்.

அப்புறம் சொல்லிட்டேன், மறைக்கல. மைமூன் அக்கா அன்னைக்கு ஒரு வார்த்தை திட்டல. "மிசினுதானடி, என்ன செய்யும்"ன்னாங்க. அந்தக் கல்யாண அலுப்புலயும் எனக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்து விட்டாங்க.

மறுநாள் மதுரை. துரைப்பாண்டி மூடியத் தொறந்து பாத்தாரு, சிரிச்சாரு. "கீழ்க் கார்டு ரொம்பிருச்சுக்கா"ன்னாரு. என்ன ரொம்புறது? "நீங்க எடுக்கறதெல்லாம் ரெண்டுலயும் விழுகும்ல. மேல ஒன்னு, கீழ ஒரு காப்பி. முன்னாடி வச்சிருந்தவரு அப்படி செட் பண்ணி வச்சிருந்திருக்காரு. ஒன்னு போனாலும் ஒன்னு இருக்கும்னு எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?" கார்டக் கழட்டி என் உள்ளங்கையில வச்சாரு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கவான்னு கேட்டாரு. அய்யய்யோ வேணாம்னு கைய மூடிக்கிட்டேன். கம்பம் வந்து சேர்ற வரைக்கும் கையத் தொறக்கல. ஆண்டிபட்டியில டிக்கெட்டு கேட்டப்ப இடது கையாலதான் காசு குடுத்தேன்.

நாப்பத்தியோரு வீட்டுப் பொம்பளைக. தலையில துணி இல்லாம, சேலை மாத்துறப்ப, பிள்ளைக்குப் பால் குடுக்குறப்ப. அம்புட்டுப் பேரும் என் கைக்குள்ள.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஒடச்சுச் சாக்கடையில போட்டுட்டுப் படு"ன்னாரு. சரின்னேன்.

படுக்கல. என் மகன் லேப்டாப்பு வீட்டுல கெடந்துச்சு, அவன் கோயமுத்தூர்ல வேலையில இருக்கான். அதுல போட்டேன். ஒடைக்கிறதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியணும்ல, அதுக்காகத்தான் போட்டேன். ஒம்பதாயிரத்துச் சொச்சம் படம். மூணு நாளு பாத்தேன்மா. சோறாக்கல. ரெண்டு எடத்துல மருதாணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க, மேலுக்குச் சொகமில்லன்னுட்டேன்.

ஒரு படத்துல ஒரு அம்மா, வாயில நாலு ஊக்கக் கடிச்சுக்கிட்டு மகளுக்கு முக்காடு சரி பண்ணுறாங்க. கண்ணுல தண்ணி நிக்குது, ஊக்கு இருக்குறதால வாயத் தொறக்க முடியல. இன்னொன்னுல பொண்ணோட தங்கச்சி, சேலைக் குமியல் மேலயே தூங்கிருச்சு, கையில கடிச்ச லட்டு. இன்னொன்னுல பொண்ணுகிட்டப் பெரியவங்க நிக்காஹ் சம்மதம் கேட்டுட்டுப் போன அப்புறம், எல்லாரும் அங்கிட்டுத் திரும்பிட்டாங்க, அந்தப் பிள்ளை மட்டும் தன் கை மருதாணியப் பாத்துக்கிட்டு இருக்கு. என் மருதாணி. இதையெல்லாம் நான் எடுத்தேனான்னு எனக்கே தெரியல. எடுக்குறப்ப செவுத்துல இடிக்காம நிக்கணும், பிள்ளைகளை மிதிச்சுறக்கூடாது, அந்த நெனப்புத்தான் இருக்கும்.

பச்சைச் சேலை கேட்ட பிள்ளை இருந்துச்சுல்ல, அது தங்கச்சி கல்யாணமும் இருந்துச்சு. அதுலயும் அந்தம்மா பச்சைதான்.

எனக்கு அந்த மூணு நாளு சந்தோசமா இருந்துச்சு. சொல்றதுக்கு என்ன, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இருந்ததில்ல. எங்கத்தா, அதான் எங்கப்பா, என் படிப்ப அஞ்சாவதோட நிறுத்திட்டாரு. எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு யாரும் எங்கிட்டச் சொன்னதில்ல. நாப்பத்திநாலு வயசுல நான் ஒத்தையில உக்காந்து எனக்கே சொல்லிக்கிட்டேன், ஏ ஜெய்த்தூனு, உனக்குப் படம் எடுக்கத் தெரியுதுடின்னு.

நாலாம் நாளு மைமூன் அக்கா வீட்டுக்குப் போனேன். அமானிதம்னா அமானிதம். தெரியாம என்கிட்டத் தங்கிருச்சு, தெரிஞ்ச அப்புறம் சொல்லிரணும். அதுக்குத்தான் போனேன். கார்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கிட்டுப் போனேன். உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன், உனக்குச் சொன்ன மாதிரியே. சாஜிதா படத்தத் தொறந்து அவங்க பக்கம் திருப்புனேன். கட்டில் மேலருந்து எடுத்தது, அது தலை குனிஞ்சிருக்கு, சுத்தி எட்டுப் பொம்பளைக கை மட்டும் தெரியுது. பாருங்கக்கான்னேன்.

அவங்க லேப்டாப்ப மூடிட்டாங்க. மெதுவாத்தான் மூடுனாங்க. "இது எப்படி உன்கிட்ட இருக்கு?"ன்னாங்க. இப்பத்தானக்கா சொன்னேன்னேன். "வேற யாரு பாத்தா?" யாரும் பாக்கலக்கா, நான் மட்டுந்தான். "மதுரைக்காரன்?" அவரு பாக்கல, கையில குடுத்துட்டாரு. "நடுவுல ஒரு தடவ கேமராவ ரிப்பேருக்குக் குடுத்திருந்தியே. நாலு நாளு அங்க கெடந்துச்சே. அப்ப?"

ஆமா. கெடந்துச்சு. ரெண்டாவது வருஷம் லென்ஸுல பூஞ்சை பிடிச்சிருச்சுன்னு கேமராவோட குடுத்துட்டு வந்தேன். அது எனக்கு ஞாபகமே வரல பாரு. துரைப்பாண்டி அப்படிப்பட்ட ஆளில்லக்கான்னேன். மைமூன் அக்கா எந்திரிச்சுப் போயி ஒரு செம்புத் தண்ணி குடிச்சாங்க. திரும்பி வந்து, "எங்க பிள்ளைகளை மதுரைக் கடையில நாலு நாளு வச்சிருந்துட்டு, அப்படிப்பட்ட ஆளில்லங்குற"ன்னாங்க.

அதுக்கப்புறம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு அவங்க வீட்டுல பொம்பளைக கூடுனாங்க. இருவது, இருவத்தஞ்சு பேரு. எல்லாரு வீட்டுக்கும் நான் போயிருக்கேன், எல்லாரு கையிலயும் நான் மருதாணி போட்டிருக்கேன். யாரும் கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு பிள்ளை, என்னைவிட இருவது வயசு சின்னது, மாமியாருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு அழுதுச்சு. அதோட புருசன் சவுதியில இருக்கான், கேள்விப்பட்டா என்ன சொல்லுவான்னு அழுதுச்சு.

லேப்டாப்புல இருந்தத ஒன்னொன்னா அழிக்கச் சொன்னாங்க. அழிச்சேன். கார்ட ஒடைக்கச் சொன்னாங்க. சின்னதா இருக்கு, எதுல ஒடைக்கிறது? ஒருத்தவங்க பாக்குவெட்டியக் கொண்டாந்து குடுத்தாங்க. நாலு துண்டா வெட்டுனேன். பாக்கு மாதிரியே நறுக்குன்னு வெட்டுப்பட்டுச்சு. துண்ட மைமூன் அக்கா ஒரு பேப்பர்ல மடிச்சு வாங்கிக்கிட்டாங்க.

ஒருத்தவங்க மட்டும் கேட்டாங்க, "மூணு வருஷமா உனக்குத் தெரியவே தெரியாதா?" தெரியாதுன்னேன். தெரியாதுதான்.

ஒரே ஒரு தடவ, ஒரு கல்யாணத்துல, புதுக் கார்டு போட்டு இன்னும் ஒன்னும் எடுக்கல, கை தவறி இந்தப் பட்டன் பட்டுச்சு. திரையில முந்துன மாசத்துக் கல்யாணம் வந்துச்சு. நான் படக்குன்னு அமத்திட்டேன். என்னன்னு யாருகிட்டயும் கேக்கல. கேமராவுக்கும் ஞாபகம் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். இதைப் போயித் தெரியும்னா சொல்லுவாங்க? நீயே சொல்லு.

அன்னைக்கோட கூப்பிடுறது நின்னுபோச்சு. கேமராவுக்கு மட்டும் இல்ல, மருதாணிக்கும். தெருவுல பாத்தா சலாம் சொல்லுவாங்க, நானும் பதில் சலாம் சொல்லுவேன், அவ்வளவுதான். மொதல் ரெண்டு மாசம் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப பாக்குறதில்ல. சார்ஜ் போடுறதுகூட மறந்துருது. எட்டு மாசம் ஆச்சு. அழுகை வருமான்னு நானே எதிர்பாத்தேன், வரல. காலையில எந்திரிக்கிறேன், தொழுகுறேன், சோறாக்குறேன். கையில மருதாணிக் கறை போயிருச்சு. பதினாறு வருஷமா இந்த வெரலு செவப்பாத்தான் இருக்கும், இப்ப பாரு.

போன மாசம் இங்க ஒரு கல்யாணம். வாசல்ல போன் கூடை வைக்கலையாம். பொம்பளைகளே ஆளுக்கு ஒரு போன்ல எடுத்தாங்களாம், அன்னைக்குச் சாயந்தரமே ஸ்டேட்டஸ்ல வந்துருச்சாம். அக்கம்பக்கத்துல சொன்னாங்க. நான் பாக்கல. ஆத்திரம் வரணும்ல? அதுவும் வரல. சரி, காலம் மாறுதுன்னு நெனச்சேன்.

இதான்மா குறை. கேமராவுல ஒரு குறையும் இல்ல. இப்ப ரெண்டு சந்தும் காலி, உள்ள விரல விட்டுப் பாரு. அந்த செட்டிங்க எப்படி மாத்துறதுன்னு கத்துக்கிட்டேன், உனக்கும் காட்டித் தர்றேன். நீ எடுக்கப் போறது கைப்பிள்ளைக படம்னு சொன்னியே, அதுக்கு இந்த லென்ஸு தோது. விலை நான் போன்ல சொன்னதுதான். பையும் ஒரு பேட்டரியும் சும்மா எடுத்துக்க.

என்ன பாக்குற? கேளு.

எதுக்குப் போய்ச் சொன்னேன்னா? எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் கேக்குறாரு. "அல்லாவுக்குப் பயந்து சொன்ன சரி, கார்ட மட்டும் கொண்டு போயிக் குடுத்திருந்தா போதும்ல, லேப்டாப்ப எதுக்குடி தூக்கிக்கிட்டுப் போன"ங்குறாரு. சும்மாதான் கொண்டு போனேன்னு சொல்லியிருக்கேன். அவருக்கு அதுக்கு மேல சொன்னா வெளங்காது.

முந்துன நாளே லேப்டாப்ப ஃபுல் சார்ஜ் போட்டு வச்சேன். ஒம்பதாயிரத்துலருந்து நாப்பது படத்த மட்டும் எடுத்து லேப்டாப்புல தனியாப் போட்டேன். ஊக்கு கடிச்ச அம்மா மொதல்ல, லட்டுப் பிள்ளை ரெண்டாவது. சாஜிதாவத் தூக்கி முன்னாடி வைப்பமா, பின்னாடி வைப்பமான்னு ரெண்டு தடவ மாத்துனேன். புதுச் சேலை கட்டிக்கிட்டுப் போனேன். மன்னிப்புக் கேக்கப் போறவ புதுச் சேலை கட்டுவாளா? மைமூன் அக்கா மொதல்ல கோவப்படுவாங்க, அப்புறம் ஒன்னப் பாப்பாங்க, அடுத்தது என்னடின்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். நாப்பதையும் பாத்து முடிக்கிறப்ப மத்தியானம் ஆயிரும்னு, வீட்டுல சோறாக்கி மூடி வச்சுட்டுத்தான் போனேன்.

அவங்க பாக்கல. வெள்ளிக்கிழமை கூடுனவங்கள்ல ஒருத்தர்கூடப் பாக்கல. அழிக்கிறப்பக்கூட, நான் ஒன்னொன்னா அழிக்கிறேன், திரையில பெருசா வந்து வந்து போகுது, அம்புட்டுப் பேரும் முகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க பிள்ளைகதான். அவங்க மூஞ்சிதான். ஊக்கு கடிச்ச அந்த அம்மா என் பக்கத்துலதான் நின்னாங்க, அவங்களும் செவுத்தப் பாத்தாங்க. ஒருத்தராவது ஒன்னே ஒன்னப் பாத்துட்டு அழின்னு சொல்லியிருந்தா, நான் சந்தோசமா அழிச்சிருப்பேன்.

சரி, டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரவா? வேணாமா. பணம் எண்ணணும்னா எண்ணு, அவசரமில்ல.

சாம்பிளா? இதுல எடுத்த படம் ஒன்னு காட்டவா? இல்லம்மா. ஒன்னுகூட இல்ல. எப்படி வரும்னு பாக்காம எப்படி வாங்குறதுங்குற, நாயந்தான். வாங்க வர்ற எல்லாரும் கேக்குறது. நல்லா வரும்மா. ரொம்ப நல்லா வரும். நான் பாத்திருக்கேன்.